ஏழு டீயும் எல்லைக் கோடும்: கடவுள் ‘இருக்கிறார்’ என்றால் என்ன பொருள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் அந்த நாட்களில் கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், மிச்ச நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவார்கள். அப்படியொரு பிற்பகலில் நான் கேட்ட வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மாமா ஒருவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாமாதான். 1964 டிசம்பர் புயலின்போது தனுஷ்கோடியில் ஏழு வயதுப் பையனாக இருந்தவர். “அன்றைக்கு என்னைத் தூக்கிக் கரையேற்றியது யார்? சாமி இல்லையென்றால் நான் இல்லை” என்றார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவன் விடவில்லை. “அதே ராத்திரி பாம்பனிலிருந்து போன ரயில் கடலோடு போனதே மாமா, அதில் இருந்தவர்களை ஏன் தூக்கவில்லை?” என்றான். சங்கு வியாபார விஷயமாகக் கீழக்கரையிலிருந்து வந்திருந்த காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) குறுக்கே புகுந்தார். “நீங்கள் இரண்டு பேரும் இறைவனை உங்களைப் போல ஓர் ஆளாக வைத்துப் பேசுகிறீர்கள். அவனுக்கு ஒப்பு எதுவும் கிடையாது.”

ஒரு மணி நேரம் ஓடியது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. எப்படித் தோற்பார்கள்? மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயத்துக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

‘கடவுள் இருக்கிறாரா?’ இரண்டே சொல். இரண்டு சொல்லும் தகராறு. முதல் சொல்லைவிட இரண்டாவதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

## ‘இருக்கிறது’ பார்க்கும் வேலைகள்

பெஞ்சின் மேல் டம்ளர் இருக்கிறது. தொடலாம், தட்டினால் விழும். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கச்சான் காற்றைக் கண்ணால் கண்டவர் கிடையாது. அலை புரளும் விதத்தையும் பனையோலை சாயும் பக்கத்தையும் பார்த்துக் காற்று உண்டு என்கிறோம். இப்படித் தெரிந்த விளைவிலிருந்து தெரியாத காரணத்துக்குப் போவதற்கு அனுமானம் என்று பெயர். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஓர் எல்லைக் கோடு இருக்கிறது. 1974-லும் 1976-லும் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பிறந்த கோடு அது. முங்கிப் பார்த்தால் தண்ணீரில் எதுவும் கிடையாது. மீன்களுக்கு அது தெரியாது. ஆனால் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். ‘அது வெறும் கற்பனைக் கோடு’ என்று பாம்பன் கரையில் நின்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் கிடைக்கிறது என்று. மனிதர்கள் ஒப்புக்கொண்டதால் மட்டுமே நிற்கும் இருப்பு இது. கடனும் இதே ஜாதி. டீக்கடை நோட்டில் என் பெயருக்கு நேரே இருக்கும் கோடுகளும்தான்.

ஏழு என்ற எண் எங்கே இருக்கிறது? ஏழு சீலா மீன்களை விற்றுவிடலாம், குழம்பு வைத்துத் தின்றுவிடலாம். ஏழு தீர்ந்துபோகாது. பாட்டி சொன்ன கதையில் ஏழு கடல் தாண்டிக் கூண்டில் ஒரு கிளி இருக்கிறது, அரக்கனின் உயிர் அதற்குள் இருக்கிறது. கதைக்குள் அது உண்மை. கதைக்கு வெளியே தேடிப் போகிறவன் அசடு.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது ஓட்டை. மாமா பேச்சுக்கு நடுவிலும் கையை நிறுத்தவில்லை. மடியில் வலை. கிழிந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், அறுந்த கண்ணியின் பிசிறைக் கத்தியால் நறுக்குவார், நூல் சுற்றிய தட்டை ஊசியை மேல் கண்ணிக்குள் விடுவார், இரண்டு விரலை அளவுகோலாக வைத்து இழுத்து முடிச்சைப் பல்லால் இறுக்குவார். “இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது பார்” என்று என்னிடம் காட்டினார். இருந்தது. எதனால் ஆனது அந்த ஓட்டை? எதனாலும் ஆனதில்லை. ஆனால் அதன் வழியே மீன் போய்விடும். வலையை எரித்துவிட்டால் ஓட்டையும் போய்விடும். வலையின் தயவில் வாழும் ஓர் ‘இல்லாமை’, அதற்கும் ‘இருக்கிறது’ என்றே சொல்கிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ‘இரு’ என்ற வினைக்குள் இடம் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘இருங்கள்’ என்றால் உட்காருங்கள் என்று பொருள். அதனால்தான் ‘கடவுள் இருக்கிறார்’ என்றதும் குழந்தைகூட ‘எங்கே?’ என்று கேட்கிறது. ‘உண்டு’ அப்படி இல்லை. கடன் உண்டு, கணக்கு உண்டு, நியாயம் உண்டு. ஆண், பெண், ஒருமை, பன்மை என்று எதையும் பார்க்காத சொல், இடமும் கேட்காது. ‘கடவுள் உண்டா’ என்பதும் ‘கடவுள் இருக்கிறாரா’ என்பதும் ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் காதில் விழும்போது வேறு வேறு படத்தை எழுப்புகின்றன. எனக்குப் பழைய ‘உண்டு’ பிடிக்கும். ஏமாற்றுவது குறைவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டம்ளர், காற்று, எல்லைக் கோடு, எண், கதைக்கிளி, ஓட்டை எல்லாம் ‘இருக்கின்றன’, ஆனால் ஒரே விதமாக இல்லை. ஒன்றைச் சோதிக்கும் வழி மற்றதற்குப் பொருந்தாது. எல்லைக் கோட்டை வலை போட்டுத் தேடக் கூடாது. காற்றை ஒப்பந்தத்தில் தேடக் கூடாது.

## முதல் சொல்: கடவுள்

ஒன்றை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் சொற்கள்தான் அதன் வரையறை. பார்க்க எளிது, செய்வது கடினம். நண்டுக்கு வரையறை கேட்டால் ‘ஓடும் பத்துக் காலும் உள்ளது’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். இறாலும் அதே வரையறைக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். அதற்கும் ஓடு உண்டு, பத்துக் கால் உண்டு. வரையறையும் வலைதான்: கண்ணி பெரிதானால் வேண்டியது தப்பும், சிறிதானால் வேண்டாததும் விழும்.

‘கட’, ‘உள்’ என்று பிரித்து, எல்லாவற்றையும் கடந்தும் உள்ளேயும் நிற்பவர் கடவுள் என்று மேடையில் விளக்குவார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் சொல்லைப் பிரித்தால் சொல்தான் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

கடவுள் என்று மக்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் சில பெரிய வகைகள் தெரிகின்றன.

முதலாவது, ஓர் ஆள். கேட்பார், பார்ப்பார், கோபிப்பார், மனமிரங்குவார். மாமாவின் சாமி இவர். ஏர்வாடி தர்காவில் கண்ணீர் விடுகிறவர்களும், ஓரியூரில் முழந்தாள் படியிடுகிறவர்களும், அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுகிறவர்களும் வேண்டுதல் வைக்கும்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் கேட்கும் காதுள்ள ஒருவர்தான்.

இரண்டாவது, உலகத்தைச் செய்தவர். இங்கே நம் ஊர் தத்துவம் மிகக் கூர்மையானது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தத்தில் குடம்தான் உவமை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம், அதாவது செய்கிறவர். உலகத்துக்கு மாயை மண், சத்தி சக்கரம், சிவன் குயவர். ஒன்றைக் கவனியுங்கள்: குயவர் மண்ணைப் படைப்பதில்லை. சித்தாந்தத்தில் மாயைக்கும் உயிர்களுக்கும் தொடக்கமே கிடையாது. கிறிஸ்தவமும் இஸ்லாமும் சொல்லும் படைப்போ எதுவுமற்றதிலிருந்து வருவது. ‘உலகத்தைப் படைத்தவர்’ என்ற ஒரே தொடரை மூன்று பேரும் சொல்லலாம், பொருள் வேறு. இன்னொரு வேடிக்கை, வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாஞ்சை தத்துவம் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. உலகம் எப்போதும் இப்படித்தான் நடந்துவருகிறது, ஒரு நாள் தொடங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டது. பக்தியும் படைப்புக் கடவுளும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது வகையைப் புரிந்துகொள்ள மறுபடி வலைக்கு வரவேண்டும். ஓட்டை வலையைச் சார்ந்தது. வலை நூலைச் சார்ந்தது. நூல் ஆலையை, ஆலை மூலப்பொருளை, அது மண்ணுக்கடியில் கிடந்த எண்ணெயை. ஒவ்வொன்றும் மற்றொன்றின் தயவில் இருக்கிறது. இதைச் சார்பிருப்பு என்போம். எல்லாமே சார்பிருப்பு என்றால் இந்தச் சங்கிலியை எது தாங்குகிறது? எதையும் சாராமல், இல்லாமல் போகவே முடியாமல் நிற்கும் ஒன்று வேண்டும், அதுவே இறைவன் என்றார் 1037-இல் மறைந்த பாரசீகத் தத்துவ அறிஞர் இப்னு சீனா. அரபியில் ‘வாஜிபுல் உஜூத்’. நாம் தன்னிருப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கடவுள் உலகத்தில் உள்ள பொருள்களின் பட்டியலில் கடைசியாகச் சேரும் இன்னொரு பொருள் இல்லை. பட்டியல் ஒன்று இருப்பதற்கே காரணமானது. காக்கா சொன்ன ‘ஒப்பு எதுவும் கிடையாது’ என்பதன் ஆழம் இதுதான். (காக்கா துஆவும், அதாவது வேண்டுதலும், கேட்கிறார். முதல் வகையும் மூன்றாவது வகையும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்கலாம். பெரும்பாலான மதங்கள் அதைத்தான் செய்கின்றன.)

நான்காவது, இயற்கை முழுவதுமே கடவுள் என்பது. 1677-இல் வெளிவந்த தம் நூலில் டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசா ‘கடவுள் அல்லது இயற்கை’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஐன்ஸ்டைன் தாம் நம்புவது ஸ்பினோசாவின் கடவுளை என்று 1929-இல் சொன்னதைப் பாதி மட்டும் எடுத்து ‘ஐன்ஸ்டைனே கடவுளை நம்பினார்’ என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்ற மீதிப் பாதி எப்போதும் விடுபட்டுவிடும். ஐந்தாவதாக அத்வைதத்தின் நிர்க்குணப் பிரம்மத்தைச் சொல்லலாம், குணம் எதையும் ஏற்றிச் சொல்ல முடியாத மெய்ப்பொருள்.

சுருக்கமாக: ஆள், செய்தவர், எதையும் சாராதது, எல்லாமுமானது, குணம் கடந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘உண்டா’ என்ற கேள்வி வேறு, தேட வேண்டிய இடமும் வேறு.

## காற்று மாதிரி என்றால்?

உலகத்தைச் செய்தவர் என்ற வரையறை நம்மை அனுமானத்துக்குக் கூட்டிப் போகிறது. குடம் இருக்கிறது, ஆகவே குயவர் உண்டு. அனுமானம் நல்ல கருவிதான், ஆனால் இரண்டு பக்கமும் வெட்டும். யுரேனஸ் கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகியது; கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் கணக்குப் போட்டார். 1846-இல் அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளும் கொஞ்சம் பிசகியபோது 1859-இல் அவரே அதே முறையில் இன்னொரு கோளைச் சொன்னார், வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. அது கிடைக்கவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்து, புதனின் பிசகுக்கு ஈர்ப்பு விதியே வேறு என்று காட்டியது. கோளே தேவைப்படவில்லை. விளைவு உண்மை என்பதால் நாம் ஊகித்த காரணமும் உண்மையாகிவிடாது.

உலகம் குடமா, அல்லது புதனின் பிசகா? அதில்தான் வழக்கு நிற்கிறது. குடங்களையும் குயவர்களையும் ஆயிரம் முறை சேர்த்துப் பார்த்திருக்கிறோம். உலகங்கள் செய்யப்படுவதை ஒரு முறையும் பார்த்ததில்லை.

## வரையறையே கடவுளைக் கொண்டுவருமா?

1078 வாக்கில் ஆன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி ஒரு துணிச்சலான வழியைக் கண்டுபிடித்தார். கடவுள் என்றால் ‘இதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாதது’. மனத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. ஆகவே அது மனத்தில் மட்டும் இருந்தால் அதைவிடப் பெரிது ஒன்றை நினைக்க முடிந்துவிடும், வரையறை உடைந்துபோகும். ஆகவே கடவுள் உண்டு. கடலையும் வானத்தையும் பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே நிரூபித்துவிடலாம்.

அவர் காலத்திலேயே கௌனிலோ என்ற இன்னொரு துறவி, இதே வழியில் உலகத்திலேயே மிகச் சிறந்த ஒரு தீவையும் உண்டாக்கிவிடலாமே என்று கேட்டார். இதை மன்னார் வளைகுடாக்காரர்கள் ரசிக்க வேண்டும். நம்மிடம் 21 தீவுகள் என்று கணக்கு. கௌனிலோவைக் கேட்டால் 22-ஆவதை வரையறையாலேயே எழுப்பிவிடலாம்: வெயில் சுடாது, நல்ல தண்ணீர் ஊறும், கரை நிறையப் பவளப்பாறை. இதைவிடச் சிறந்த தீவை நினைக்க முடியாது, ஆகவே உண்டு! படகை எடுங்கள்.

மறுபக்கமும் நம்மிடம் உண்டு. அந்த 21-இல் கீழக்கரைக் கூட்டத்தின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் கூட்டத்தின் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் முழுகிவிட்டன. பட்டியலில் பெயர் அப்படியே நிற்கிறது. விவரம் எழுதினால் ஒரு சொல் மாறாது. மேலே நிற்க மண் இல்லை, அவ்வளவுதான்.

1781-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் சொன்னதன் சாரம் இதுதான்: இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றாகச் சேராது. மனத்தில் நினைத்த நூறு வெள்ளிக்காசுக்கும் பையில் உள்ள நூறு வெள்ளிக்காசுக்கும் விவரத்தில் ஒரு காசும் கூடக் குறைய இல்லை. பை கனக்கிறதா என்பதே வித்தியாசம். 1884-இல் ஃப்ரேகே என்ற ஜெர்மன் தர்க்க அறிஞர் இதை இன்னும் இறுக்கினார். ‘உண்டு’ என்பது பொருளைப் பற்றிய பேச்சே இல்லை, கருத்தைப் பற்றிய பேச்சு. அந்தக் கருத்துக்குள் விழும் பொருள்களின் எண்ணிக்கை பூஜ்யம் இல்லை என்று சொல்வது. வலையை வீசியாயிற்று, இழுத்தால் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எவ்வளவு நேர்த்தியாகப் பின்னினாலும் வலை மீனைப் பெற்றெடுக்காது.

ஆன்செல்மை முட்டாளாக நினைத்துவிட வேண்டாம். அவருடைய வாதத்தைத் திருத்தி வேறு வடிவில் இன்றும் தத்துவத் துறைகளில் வாதிடுகிறார்கள். தீவுக்குத் ‘தன்னிருப்பு’ பொருந்தாது, கடவுளுக்குப் பொருந்தும் என்பது அவர்கள் பக்கத்துப் பதில்.

## புயல் யாரைத் தாக்குகிறது?

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடிப் பயணிகள் ரயில் அலையில் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முழுக்க நல்லவர் ஒருவர் இருந்தால் அது ஏன் நடந்தது?

மிகப் பழைய கேள்வி, மிகக் கனமான கேள்வி. ஆனால் அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்று பாருங்கள். முதல் வகைக் கடவுளை, அதிலும் அந்த மூன்று பண்புகளும் சேர்ந்த ஆளை மட்டும்தான் அது நேராகத் தாக்குகிறது. ஸ்பினோசாவின் கடவுளிடம் போய் ‘ஏன் புயல்?’ என்று கேட்டால், காற்றழுத்தம்தான் பதில். நிர்க்குணப் பிரம்மத்திடம் கேட்கவே முடியாது. சித்தாந்தத்தில் வினை என்ற தனிக் கணக்கு இருக்கிறது. அது ரயிலில் இருந்த குழந்தைக்குப் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது வேறு கட்டுரை.

இந்தத் தப்பித்தல் இலவசம் இல்லை. புயலுக்குப் பொறுப்பேற்காத கடவுள் மாமாவைக் கரையேற்றியதற்கான பெயரையும் வாங்கிக்கொள்ள முடியாது. கூப்பிட்டால் கேட்கும் காது வேண்டுமென்றால், ரயிலின் கேள்வியும் அந்தக் காதில்தான் போய் விழும்.

நான் பார்த்த வாக்குவாதங்களில் எல்லாம் நடப்பது இதுதான். வேண்டுதல் நிறைவேறினால் கடவுள் ஓர் ஆள். நிறைவேறாவிட்டால் அறிவுக்கு எட்டாத பரம்பொருள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு மாதிரி, பேச்சின் நடுவில் வரையறை நழுவிவிடுகிறது. மறுப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மேகத்தின் மேல் உட்கார்ந்த தாடிக்காரரைத் தோற்கடித்துவிட்டு இப்னு சீனாவையும் தோற்கடித்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

‘உளன் எனில் உளன்’ என்று தொடங்கும் பாசுரத்தில் நம்மாழ்வார் ‘உளன்’ என்றாலும் ‘இலன்’ என்றாலும் இரண்டையும் அவனுக்கே குணமாக்கிவிடுகிறார். பாட்டாக அதற்கு ஈடு இல்லை. இரண்டு சொல்லுக்குமே அவன் பிடிபடவில்லை என்ற வியப்பு அது. டீக்கடைச் சண்டையில் அதைக் கேடயமாகத் தூக்கும்போதுதான் எனக்கு ஒவ்வாது. எது நடந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டால் சொன்னதற்கு எடை போய்விடும்.

## நம்புவதில் இரண்டு

இன்னும் ஒன்று மட்டும். ‘கடவுள் இருப்பதாக நம்புகிறேன்’ என்பதும் ‘கடவுளை நம்புகிறேன்’ என்பதும் ஒன்றா? மாமா கடலில் தன் படகு ஓட்டுகிறவரை நம்புகிறார். அந்த ஓட்டுநர் இருக்கிறார் என்ற கருத்தை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. சாமி விஷயத்திலும் அவர் செய்வது இரண்டாவது வகைதான். தம்பி கேட்பது முதல் வகை. இரண்டாவதுக்கு அடியில் முதலாவது எங்கோ கிடக்கத்தான் செய்கிறது, ஆள் இல்லாமல் ஆளை நம்ப முடியாதே. ஆனால் அந்தக் கிழவரிடம் அதை மட்டும் உருவி எடுத்து ‘நிரூபியுங்கள்’ என்றால் அவர் விழிப்பதில் வியப்பில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் மாமா வலையைச் சுருட்டினார். இதையெல்லாம் அவரிடம் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், டம்ளரும் காற்றும் எல்லைக் கோடும் எண்ணும் என்று. பொறுமையாகக் கேட்டார்.

“சரி மருமகனே, உன் கணக்கில் சாமி இதில் எது?”

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “அது மெதுவாகச் சொல்லட்டும் மாமா. உங்கள் மருமகன் பேரில் ஏழு டீ உண்டு.”